முப்பத்தொன்று

பேராசிரியையின் அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. தட்டலாமா, பேசாமல் திரும்பிவிடலாமா என்று வெளியே நின்று தவிக்கிறாள் இரண்டாமாண்டு வேதியியல் மாணவி. தூக்கிய கை அந்தரத்திலேயே நிற்கிறது. உள்ளே சன்னல் வெயில் விடைத்தாள் கட்டின்மேல் சாய்ந்து கிடக்க, சிவப்புப் பேனா சரசரவென்று ஓடுகிறது. “யாரு? நிழல் தெரியுது, உள்ள வாம்மா.” கால்கள் தாமாகப் போகின்றன. “மேடம், உங்க ஆராய்ச்சியில நானும் சேரலாமான்னு...” பேனா நிற்கிறது. “போன தேர்வுல எவ்வளவு?” “முப்பத்தொண்ணு, மேடம்.” பேராசிரியை கண்ணாடியைக் கழற்றுகிறார். “பாடமே தகராறா இருக்கு. ஆராய்ச்சி எதுக்கு?” மனப்பாடம் செய்துவந்த பதில் மறந்துபோகிறது, பயத்தில் உண்மை வந்து விழுகிறது. “உங்க ஆராய்ச்சியில வர்ற அந்தக் கரைசல் ஏன் நிறம் மாறுதுன்னு உங்களுக்கே தெரியலைன்னு வகுப்புல சொன்னீங்க. அன்னையிலேருந்து அதே நினைப்பா இருக்கு, மேடம்.” பேராசிரியை அவளையே பார்க்கிறார். பிறகு எழுந்து, எதிர் நாற்காலியில் குவிந்திருக்கும் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்கிறார். “உக்காரு. என்ன காரணமா இருக்கும்னு நீ நினைக்கிற?” அவள் நாற்காலியின் நுனியில் உட்காருகிறாள். இந்தக் கேள்விக்கு முன்னால், கதவுக்கு வெளியே பட்டதெல்லாம் ஒரு பயமே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.