ஜெயித்தால் மட்டும்

"ஓட்டினவன் மேல இரக்கம் காட்டினே, கேஸ் அவ்வளவுதான். எங்கே, இன்னொரு தடவை சொல்லு பார்க்கலாம்."

வக்கீல் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டுத் தேவநேசன் கேட்டார். ஜெயசெல்வி கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சிக்னல்ல சிவப்பு விழுந்தப்புறமும் கார் நிக்கல. பக்கத்துலேருந்து லாரி வந்து... போதும் அண்ணா. பயமா இருக்கு."

"ஊசி போடும்போதும் இப்படித்தான் நடுங்குவியா, நர்சம்மா?"

"அப்போ நடுங்கறது மத்தவங்க."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. 1983 கோடையில் டெக்சாஸின் இர்விங்குக்கு நர்சாக வந்தவள் அவள். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் தொடங்கும் முன்பே விபத்து. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி பிடிக்க முடியாத நர்சுக்கு வேலை ஏது, விசா ஏது?

"மணிக்கு இவ்வளவுன்னு சார்ஜ் பண்ற வக்கீல்கிட்ட நம்மால போக முடியாது. இவர் தோத்தா ஒரு சென்ட்கூடக் கேட்க மாட்டார். ஜெயிச்சாதான் மூணுல ஒரு பங்கு" என்றார் தேவநேசன்.

"மூணுல ஒண்ணு போனா ஆபரேஷனுக்கு மிஞ்சுமா?"

"ஒண்ணுமே வராம, அந்தப் பூஜ்யம் முழுசும் உனக்குத்தான்னா சம்மதமா?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "ஜெயிக்காதுன்னு தோணினா இவங்க கேஸைத் தொடவே மாட்டாங்களாமே. ஏற்கெனவே ரெண்டு பேர் திருப்பி அனுப்பிட்டாங்க. இவரும் முடியாதுன்னா நான் எங்கே போவேன்?"

"அதனாலதான் சொல்றேன். ஓட்டினவன் தப்புன்னு அடிச்சுச் சொல்லு. அவன் ஜெயிலுக்கா போகப் போறான்? பணம் தரப் போறது அவனோட கார் இன்ஷூரன்ஸ் கம்பெனி."

"வேணும்னா செஞ்சார்? பஸ் இல்லையேன்னு சர்ச்சுலேருந்து சும்மா ஏத்திட்டு வந்த மனுஷன்."

"பாவம் பார்த்தா விரல் மடங்குமா?" அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார் தேவநேசன்.

உள்ளே, வக்கீல் ஹட்சன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெயசெல்வியின் இடது கை நாற்காலியின் விளிம்பை இறுக்கியது.

"நல்ல கேஸ். எடுத்துக்கறேன்" என்றார் வக்கீல் கடைசியில்.

அவளுக்கு மூச்சு வந்தது.

"ஆனா கேஸ் முடியற வரைக்கும் செலவெல்லாம் என் கையைக் கடிக்கும். அதனால துளி சந்தேகம் இருந்தாலும் தொட மாட்டேன். ஒரே ஒரு கேள்வி. ஓட்டினவர் உங்களுக்கு நெருங்கின சொந்தமா? காசு வாங்காம ஏத்திட்டுப் போன சொந்தக்காரர் மேல, அவர் கவனக்குறைவா ஓட்டினார்னு மட்டும் சொல்லி இந்த ஸ்டேட்ல ஜெயிக்க முடியாது."

"சொந்தமே இல்ல சார். அவர் நாகர்கோவில், நான் பாளையங்கோட்டை. இங்கே சர்ச்சுலதான் பழக்கம்."

"நல்லது. அவர் முழுப் பேர்?" வக்கீல் பேனாவைத் திறந்தார்.

ஜெயசெல்வி பக்கத்து நாற்காலியில் இருந்த தேவநேசனிடம் திரும்பித் தமிழில் கேட்டாள். "அண்ணா, உங்க பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்?"

வக்கீல் நிமிர்ந்தார். "அன்னாவா? ஓட்டினது ஒரு பெண்ணா?"

"இல்ல சார், இவர்தான் ஓட்டினார்" என்று அவசரமாகத் தேவநேசனைக் காட்டினாள் ஜெயசெல்வி. "அண்ணான்னா பிரதர்."

வக்கீல் பேனாவை மூடினார்.