வாலில் கட்டிய கண்ணாடி நூல்

ஒரு வீட்டுச் சுவரின் பைப்புக்குள் கறுப்புக் கேபிள் ஒன்று பதினெட்டு வருஷமாகக் கிடந்தது. மொட்டைமாடிக்கு வரும் படத்தைக் கூடத்து டிவியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் பிழைப்பு.

ஒருநாள் கேபிள்காரர் மாடிக்கு வந்து, அதன் வாலோடு மெல்லிய கண்ணாடி நூலான ஃபைபர் ஒன்றையும் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து டேப் சுற்றினார்.

"அண்ணே, உள்ள ஒரே இருட்டா இருக்கு. நான் கண்ணாடி, ரொம்ப மடங்கினா ஒடிஞ்சிருவேன்" என்றது ஃபைபர்.

"பயப்படாதே தம்பி. ரெண்டாவது வளைவுல மட்டும் சிமெண்ட் துருத்திக்கிட்டு நிக்கும். நான் முன்னால போறேன், என் பின்னாலயே வா."

கேபிளுக்குப் பெருமை பிடிபடவில்லை. புதுசாக வந்தவனை நம்மை நம்பித்தானே அனுப்புகிறார்கள்!

கூடத்திலிருந்து கேபிள்காரர் இழுத்தார். சிமெண்டில் உரசிக் கேபிளின் தோல் நீளத்துக்கும் உரிந்தது. பின்னால் வருகிறவன் மிரண்டுவிடக் கூடாதே என்று அது மூச்சு விடவில்லை.

வெளியே வந்ததும் டேப்பை அறுத்தார்கள். ஃபைபரைப் புதுப் பெட்டியில் செருகினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. கேபிளைச் சுருட்டி வாசல் குப்பைக்கூடையில் போட்டார்கள்.

"கயிறு உள்ளேயே இருக்கே?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

"கிடக்கட்டும்மா. நாளைக்கு இந்த ஃபைபரையும் உருவிட்டு வேற மாத்தறப்போ இழுக்க ஆகும்" என்று சொல்லிவிட்டுக் கேபிள்காரர் செருப்பை மாட்டினார்.

கூடையில் கிடந்த கேபிளின் காதில் அது விழுந்தது. பைப்புக்குள் இருந்த ஃபைபருக்குக் கேட்கவில்லை.

"அண்ணே, இந்தக் கயிறு எதுக்கு என் பக்கத்துல கிடக்கு?"

கேபிள் தன் உரிந்த தோலைப் பார்த்துக்கொண்டது.

"உனக்குத் துணைக்குத்தான் தம்பி."