கேத்திக்குப் பதினாலு சீட்டு

"பதினாலு சீட்டு வேன் போதுமா மாமி?" என்று மாமியாரிடம் கேட்டாள் புதுப்பெண் ஹஃப்ஸா.

அப்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊட்டிப் பக்கம் கேத்திப் பள்ளத்தாக்குக்கு மூன்று நாள் பயணம் என்று அவன் போட்ட திட்டத்தில் இருந்தது அவனும் அவளும்தான். நண்பன் தௌபீக்கிடம் கார்கூட இரவல் சொல்லி வைத்திருந்தான். விடியற்காலையில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தை விட்டால் திருச்சி, கரூர், மேட்டுப்பாளையம், சாயங்கால டீ மலையில்.

கல்யாணமாகிப் பதினேழு நாள். இன்னும் பத்து நாளில் ஷார்ஜாவுக்கு விமானம். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது.

அவன் செய்த ஒரே தப்பு, திட்டத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுச் சொன்னதுதான்.

"மலைக்காத்து முட்டிவலிக்கு நல்லதாம்டா, யூடியூப்ல சொன்னான்" என்றார் அம்மா ஷம்சாத், அவ்வளவு நேரமும் வலிக்காத முட்டியைப் பிடித்துக்கொண்டு.

"முன்சீட்டு எனக்கு. கொண்டை ஊசி வளைவுல எப்படி ஒடிக்கணும்னு டிரைவருக்கு நான் சொல்றேன்" என்றார் அத்தா பக்கீர் முகம்மது. பிறந்ததிலிருந்து வைக்கோல் போரைவிட உயரமான எதிலும் ஏறாதவர்.

அத்தாவின் தங்கை கமருன்னிஸா குப்பி, கல்யாணத்துக்கு வந்தவர், இன்னும் பெட்டியைக் கட்டவில்லை. "நாங்க அஞ்சு பேரும் ஒரு ஓரமா ஒடுங்கிக்கறோம் தம்பி" என்றார். கூட இருந்த நாலு பிள்ளைகளும் அதற்குள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டையைத் தொடங்கியிருந்தார்கள்.

அன்றே கார் வேனாகிவிட்டது.

இவர்களோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்பது அப்சருக்குத் தெரியும். வீட்டிலுள்ள ஒரே ஏசி புதுமணத் தம்பதியின் அறையில் இருந்தது. "புழுக்கம் தாங்காதுங்க புள்ளைங்க" என்று குப்பி மூன்றாம் நாளே நாலு பேரையும் பாயோடு அனுப்பிவிட்டார். பதினேழு நாளில் அவன் மனைவியோடு தனியாகப் பேசியது கால் மணி நேரம் தேறினால் அதிகம். அதிலும் பாதி, "பாத்து வா, யாரையாவது மிதிச்சுடாதே!"

அவனை வாட்டியது குப்பிகூட அல்ல, ஹஃப்ஸாதான். கூட்டம் சேர்வதைப் பார்த்து அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தான். அவளோ மலர்ந்துகொண்டே போனாள்.

"குத்தாலத்து ஷமீரா லாத்தாவை விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும் மாமி? அவங்களும் பெத்த பொண்ணுதானே" என்றாள். அப்சரின் அக்கா ஷமீரா, புருஷன், இரண்டு பிள்ளைகள் என்று நாலு சீட்டு போனது.

மறுநாள் அவளே வலங்கைமானில் இருக்கும் ஷம்சாத்தின் அக்காவுக்கு போன் போட்டாள். "மர்யம் பெரியம்மா, நீங்க இல்லாம எப்படி? பெரியத்தாவையும் அழைச்சுக்கிட்டு வாங்க. உங்க பொண்ணை மட்டும் வீட்ல விட்டுட்டா வருவீங்க?"

அப்சர் அடுக்களைக்குள் நுழைந்து கதவை ஒருக்களித்தான்.

"ஏன் ஹஃப்ஸா, என்கூடத் தனியா வர்றதுக்கு உனக்குப் பிடிக்கலையா?"

அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெரியவங்க மனசு நோகக் கூடாது மச்சான்."

பெண் பார்த்தவர்கள் இவளிடம் சம்மதம் கேட்டார்களா இல்லையா என்றுகூட அவனுக்கு நினைக்கத் தோன்றிவிட்டது.

வியாழக்கிழமை பஜ்ர் தொழுகை முடிந்ததும் வேன் வந்து நின்றது. மலைக்காரர்களுக்கு அரிசி என்றால் என்னவென்றே தெரியாது என்பது அத்தாவின் தீர்மானம். அரை மூட்டை பொன்னி அரிசி ஏறியது. சோறாக்கும் டேக்சா ஏறியது, கேஸ் அடுப்பு ஏறியது, குப்பி பிள்ளைகளோடு ஏறினார், லாத்தா குடும்பம் ஏறியது, வலங்கைமான் ஏறியது. எல்லாம் ஏறி முடிந்தபோது கீழே நின்றவர்கள் இரண்டு பேர்.

"இதுக்கு மேல ஒரு ஆள்கூட ஏத்த முடியாது பாய். செக்போஸ்ட்ல நிறுத்திடுவான்" என்றார் டிரைவர்.

குப்பி எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக எதையோ உற்றுப் பார்த்தார். பெரியத்தா சட்டென்று தூங்கிப்போனார். ஷம்சாத் முட்டியைத் தடவினார். இறங்குகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"பரவாயில்லை மாமி, நாங்க இன்னொரு தடவை போய்க்கறோம். நீங்கள்லாம் நல்லபடியா சுத்திப் பாத்துட்டு வாங்க" என்றாள் ஹஃப்ஸா.

ஷம்சாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு மருமக யாருக்குடா வாய்க்கும்!" என்று மகனிடம் சொல்லிவிட்டு, அவள் மனசு மாறுவதற்குள் கதவை இழுத்துச் சாத்தினார்.

வேன் தஞ்சாவூர் சாலையில் திரும்பி மறையும்வரை ஹஃப்ஸா கையாட்டினாள். அப்சர் விறுவிறுவென்று கூடத்துக்குள் போய் நாற்காலியில் விழுந்தான்.

"என் ஹனிமூனுக்கு என் குப்பி போறாங்க! இப்ப சந்தோஷமா உனக்கு?" என்று கத்தினான்.

ஹஃப்ஸா வாசல் கேட்டைப் பூட்டினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவன் கையிலிருந்த செல்போனை வாங்கி அணைத்துவிட்டு, அதன் மேல் தன்னுடையதையும் அணைத்து வைத்தாள். பிறகு கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மலை அங்கேயேதான் இருக்கும் மச்சான்... வீடு காலியாகணும்ல?"