தூசி சிஸ்டர்

“காதுல விழல. சத்தமா படி!”

வார்டே திரும்பிப் பார்த்தது. சின்ன சிஸ்டருக்கு முகம் சுண்டிப்போனது. கையிலிருந்த மருந்துக் குப்பியின் பெயர், அளவு, தேதி எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தாள்.

“ம், போடு,” என்றார் பெரிய சிஸ்டர்.

ஊசி போடுமுன் இரண்டு பேர் மருந்தைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம்தான். மற்ற வார்டுகளில் குப்பியை நீட்டினால் ஒரு பார்வை, ஒரு தலையாட்டல், அவ்வளவே. இங்கே மட்டும் தினமும் இந்த வாய்ப்பாடு ஒப்பிக்கும் கூத்து.

பெரிய சிஸ்டர் கட்டில் கம்பிகளை விரலால் தடவிக்கொண்டே அடுத்த நோயாளியிடம் நகர்ந்தார். தூசி இருக்கிறதா என்று சோதிக்கிறாராம். அதனாலேயே முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் ‘தூசி’.

மருந்து அறைக்குள் வந்ததும் சின்ன சிஸ்டரின் போன் அடித்தது. கணவன்தான்.

“எம்.எஸ்ஸி. நர்சிங்ல சீட்டு கிடைக்கிறதே குதிரைக் கொம்பு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சேர்றேன்னு சொல்லலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். என்ன பண்ணப் போறே?”

“படிக்க லீவு குடுக்க தூசி சம்மதிக்க மாட்டேங்குதே. அப்புறம் வேலையை விட்டுட்டுத்தான் போகணும். திரும்பி வந்தா இந்த வேலை கிடைக்குமா?”

“தான் படிக்காததை நீ படிக்கப் போறியேன்னு வயித்தெரிச்சல். வேற என்ன?”

அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கும் பட்டது. மேலே படித்தால் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தலாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மனசுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்த ஆசை அது. கடைசியாக ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று போய் நின்றாள்.

“சிஸ்டர், அந்த லீவு விஷயம்...”

“நீ போயிட்டா வார்டு நடக்காது. படிச்ச வரைக்கும் போதும்.” முகத்தைக்கூட நேராகப் பார்க்காமல் சொன்னார்.

அதற்குள் ஜன்னலோரக் கட்டில்காரர் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். சின்ன சிஸ்டர் மருந்துத் தட்டிலிருந்து ஒரு குப்பியை வெடுக்கென்று எடுத்தாள். வேலை போனால் போகிறது, சாயங்காலம் சேர்கிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். இனி இந்த வாய்ப்பாடு எதற்கு?

படிக்காமலே குப்பியை நீட்டினாள். “நீங்களே பாத்துக்குங்க.”

பெரிய சிஸ்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ம்... சரிதான். போடு.”

இவ்வளவுதானே! இதைத் தினமும் செய்தால் என்னவாம் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே குப்பியின் கழுத்தை உடைக்கப் போனவள், கைப்பழக்கத்தில் பெயரைப் பார்த்தாள். அது வாந்திக்கான மருந்தே இல்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு வைத்திருந்த, இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து.

சரியான மருந்தைத் தேடி எடுத்தாள். யாரும் சொல்லாமலே உரக்கப் படித்தாள். ஊசி போட்டு முடித்ததும் நேராக மருந்து அறைக்குள் போனாள். பெரிய சிஸ்டரும் பின்னாலேயே வந்தார்.

“கோவத்துல தப்பா எடுத்தது நான்தான் சிஸ்டர். ஆனா நீங்க அவ்வளவு நேரம் பாத்துட்டு சரின்னு சொன்னீங்களே!”

பெரிய சிஸ்டர் கதவைச் சாத்தினார். அவருடைய கை காற்றில் துழாவி, அவள் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“உன் கண்ணை வெச்சுத்தாம்மா நான் இந்த வார்டையே ஓட்டிட்டிருக்கேன்.”