வெட்டக் கூடாத பன்சித்

"புருஷன் செத்து மூணு வருஷம்தான் ஆச்சு. அதுக்குள்ள லிப்ஸ்டிக் என்ன, பாட்டு என்ன!"

பக்கத்து வீட்டு சியோனி இதை யார் காதோடும் சொல்லவில்லை. தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

பெலென் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாசலில் அடுப்பை மூட்டி, பெரிய வாணலியில் பன்சித் நூடுல்ஸைப் புரட்டியபடி பாடிக்கொண்டிருந்தாள். இறாலும் பூண்டும் வதங்கிய வாசனை தெருமுனை மேடை வரைக்கும் போனது.

மேடையில் கொட்டை எழுத்தில் பேனர்: 'மரண தண்டனை திரும்ப வரட்டும்!'

அந்தத் தண்டனையை நாட்டிலிருந்து எடுத்து வருஷக்கணக்காகிறது. மறுபடி கொண்டுவர மணிலாவில் மசோதா போட்டிருக்கிறார்கள். ஊர் ஊராக ஆதரவு திரட்டுகிறார்கள். இந்த ஊரில் பேச பெலெனை விட்டால் யார்? ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டிய அவள் கணவன் காரியோவை, அன்றைய வசூலுக்காகக் குத்திக் கொன்றவன் ரென்சோ. அவனும் இதே தெருப் பையன்தான். இப்போது ஆயுள் தண்டனைக் கைதி.

கவுன்சிலர் டெலியோ கையில் மைக்கோடு, வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"அக்கா, ஜனமெல்லாம் காத்துட்டிருக்கு. நீங்க என்னடான்னா கரண்டியும் கையுமா நிக்கிறீங்க!"

"பிறந்தநாள் சமையல் தம்பி. மேடைக்கு வரமாட்டேன்னு நேத்தே சொன்னேனே."

"ஒண்ணும் பேச வேண்டாம், வந்து கொஞ்சம் அழுதாப் போதும். டிவிக்காரங்க வந்திருக்காங்க. மசோதா பாஸாயிடும்!"

"பாஸானா ரென்சோவைக் கொன்னுடுவாங்களா?"

டெலியோ தலையைச் சொறிந்தார். "அவனைத் தொட முடியாதுக்கா, பழைய கேஸு. இனிமே தப்பு பண்றவனுக்குத்தான்."

"அப்ப வேற எவளோ பெத்த பிள்ளைக்கு. ஒரு ஆள் இல்லாத வீடு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும் தம்பி. இன்னொரு வீடு அப்படி ஆகறதுக்கு நான் ஏன் அழணும்?"

"கொலைகாரனுக்கெல்லாம் பாவம் பாக்கக் கூடாதுக்கா" என்றார் டெலியோ. கண் மட்டும் வாணலியை விட்டு நகரவில்லை. காலையிலிருந்து கத்தியதில் நல்ல பசி.

பெலென் சிரித்துவிட்டாள். "முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் சண்டை போடலாம்."

அவருக்கு முன்னால் சியோனி தட்டோடு வந்து நின்றாள். நூடுல்ஸ் நீளநீளமாக வருகிறதென்று கத்தரிக்கோலை வேறு எடுத்தாள். கையில் 'சட்'டென்று கரண்டியால் ஒரு அடி விழுந்தது.

"வெட்டாதடி! பிறந்தநாள்காரன் ஆயுசு குறைஞ்சுடும்னு தெரியாதா?"

"பிறந்தநாள்காரனா? அப்ப ஆம்பளை!" சியோனியின் முகம் மலர்ந்தது. "என்ன வயசு?"

"இன்னிக்கு இருபத்திரண்டு."

சியோனி தட்டைக் கீழே போடாதது ஆச்சரியம்.

"சும்மா முழுங்காதீங்க. வாழ்த்திட்டு சாப்பிடுங்க" என்றாள் பெலென்.

டெலியோவுக்கு அதெல்லாம் கைவந்த கலை. வாய் நிறைய பன்சித்தோடு கையை உயர்த்தினார். "அந்தத் தம்பி நூறு வயசு வாழட்டும்! நோய் நொடி இல்லாம வாழட்டும்!"

மைக்கை அணைக்க மறந்திருந்தார். வாழ்த்து ஒலிபெருக்கியில் தெரு முழுக்க முழங்கியது. கூட்டம் எதற்கென்றே தெரியாமல் கைதட்டியது. சியோனிகூட சிரிப்பை அடக்க முடியாமல், "நூறு வயசு!" என்றாள்.

பெலென் முறத்தில் வாழையிலை விரித்து, பன்சித்தை அள்ளி வைத்து மூடினாள். உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்துக்கொண்டு, வந்து நின்ற ஜீப்னியில் ஏறினாள்.

"பார்ட்டி எங்கக்கா? நானும் ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்" என்றார் டெலியோ, விரலை நக்கியபடி.

"முந்தின்லூப்பா ஜெயில்ல. பாவம், அவங்கம்மா குவைத்துல வீட்டு வேலை பாக்கறா, பிறந்தநாளுக்கு யார் செஞ்சு குடுப்பா?" வண்டி நகர, பெலென் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். "நீங்க நூறு வயசு வாழ்த்தினதை ரென்சோகிட்ட மறக்காம சொல்லிடறேன் தம்பி!"