காவலுக்கு ஆள் எடுத்த எலி

அரிசிக் கிடங்கில் பூனை வந்தால் குரல் கொடுக்க ஆள் தேடிய எலியார், கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொன்ன கிளியை வேலைக்கு வைத்தார். பூனை வந்த அன்று கிளி, "பூனைக்கு நகம் பதினெட்டு, மீசை இருபத்துநாலு" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தது. எலியாருக்குப் பாதி வால் போனது.

அடுத்த நேர்காணலில் கேள்வியே கிடையாது. ஆள் வந்து உட்கார்ந்ததும் மூட்டைக்குப் பின்னாலிருந்து மியாவ் என்று கத்துவதுதான் கிளிக்கு இப்போது வேலை.

அணில் வந்து முழுசாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் ஒரு மியாவ் கேட்க, கிடங்கே அதிரும்படி கீச்சிட்டது. ஏற்பாடு செய்த எலியாரே பதறிப்போய் வளைக்குள் பாய்ந்தார். மூச்சு வாங்கியபடி உள்ளிருந்தே, "அணிலு, நாளைக்கே வேலைக்கு வந்துடு. கிளி, நீயும் இன்னைக்குத்தான் உருப்படியா கத்தினே" என்றார்.

உத்தரத்தில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்த கிளி மூட்டைப் பக்கமே பார்த்தபடி சொன்னது: "நான் இன்னும் கத்தவே இல்லைங்க."