அழுத்தி வாசி

மாதா கோயில் சாமியார் பியானோவை ஒட்டி நாற்காலியைப் போட்டு அமர்ந்திருந்தார். உபதேசியார் அருளப்பன் அவருக்கு எதிரே தரையில், எழுதுபலகையை மடியில் வைத்துக்கொண்டு. தூண் ஓரமாக மதலேனாள். நடுவில் முக்காலியின் மேல், வலது மணிக்கட்டில் துணிக்கட்டோடு அவள் மகள் வியாகுலமேரி. அந்தக் கைக்குத்தான் அன்று தீர்ப்பு.

பெரியாற்று அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போன பியானோ அது. மதுரை மடத்தில் படித்த வியாகுலமேரியைத் தவிர அதைத் தொடத் தெரிந்தவர்கள் கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது.

போன அடைமழைக்குப் பிறகு சாமியாருக்கு அவள் வாசிப்பு பிடிக்காமல் போயிற்று. ஞாயிறு தவறாமல், "அழுத்தி வாசி, மகளே, இன்னும் அழுத்தி வாசி" என்றார். அவளும் தோளை இறுக்கிக்கொண்டு, விரலால் குத்திக் குத்தி அழுத்தினாள். கடைசியில் மணிக்கட்டு வீங்கி, கஞ்சிச் சட்டியைக்கூட இறக்கி வைக்க முடியாமல் ஆனது.

மூலிகைப் பத்துப் போட்டு, கையை ஆறவிட்டு, இப்போதுதான் வீக்கம் வடிந்திருந்தது. மடத்துக் கன்னியாஸ்திரீ சொல்லிக்கொடுத்த முறையை அவள் திரும்பப் பழகிக்கொண்டிருந்தாள். தோளைத் தொங்கவிட வேண்டும். கையின் கனம் தானே விரலுக்கு இறங்க வேண்டும். அப்படி வாசித்தால் வலியே இல்லை.

"பனிமாதா திருநாள் நெருங்கிவிட்டது. கடைசியாக ஒருமுறை வாசி, பார்ப்போம்" என்றார் சாமியார்.

அவள் மூச்சை விட்டு, தோளை இறக்கி வாசித்தாள். கை இதமாக ஓடியது. வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற வண்டிக்காரர் பொன்னுராஜ், "நல்லாருக்கே ஆத்தா!" என்று குரல் கொடுத்தார்.

சாமியார் உதட்டைப் பிதுக்கினார். "போதாது. அழுத்து."

அவள் அழுத்தினாள். மணிக்கட்டில் சுரீரென்று ஏறியது. பாட்டைப் பாதியில் விட்டுக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். என்னதான் செய்தால் இவருக்குப் போதும் என்று கண்ணில் நீர் முட்டியது.

"சாமி, மெதுவா வாசிச்சா வலிக்கவே இல்ல. தோளை எறக்கி வாசிச்சா நல்லாத்தான் வருது..."

"எழுதும், உபதேசியாரே" என்றார் சாமியார், அவள் வாயே திறக்காதது போல. "எல்லாமே கெட்டுப்போயிற்று இந்த ஊரில். இவள் கை சோர்ந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் தம் பாவத்தைச் சொல்லவும் ஒருவரும் என்னிடம் வருவதில்லை. அனுமந்தன்பட்டிக் கோயிலுக்கு நடக்கிறார்களாம்!"

மதலேனாள் உபதேசியார் பக்கம் திரும்பினாள். "இங்கன சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரியில்ல ஆயிருது? சூசையம்மா கோழி களவாண்ட கதை மந்தை வரைக்கும் வந்துருச்சே!"

"சும்மா இரு மதலேனா" என்றார் அருளப்பன்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? எம்மக கையை ஒடிச்சதும் இல்லாம, இப்ப சோந்துபோச்சுங்கிறாக. நீங்களும் மை தொட்டு எழுதுறீகளே, ஒங்களுக்கு மனசு இல்லையா?"

அருளப்பன் பேனாவை மைக்கூட்டில் தொட்டுக்கொண்டார். மதுரையில் பாட்டுக்குப் பொறுப்பாயிருந்த சாமியார் நம் நாட்டவர். அவருக்குக் கடிதம் தமிழில்தான் போகும். இந்தச் சாமியாரோ பிரெஞ்சுக்காரர். அச்செழுத்தைப் படிப்பார், கையெழுத்துத் தமிழ் அவருக்கு ஓடாது. ஆகையால் அவர் சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டுவார். பிறகு சாமியார் முத்திரை வைப்பார். பல வருஷமாக அதுதான் நடைமுறை.

"இந்தப் பெண்ணுக்குக் கை போய்விட்டது" என்று சாமியார் சொல்லிக்கொண்டு போனார். "விரலில் வலுவுள்ள ஆண்பிள்ளை ஒருவனைத் திருநாளுக்குள் அனுப்பவும். இனி இவள் பியானோவைத் தொடத் தேவையில்லை."

அந்த முக்காலியை விட்டால் வியாகுலமேரிக்கு மிளகாய்த் தோட்டத்துக் கூலிவேலைதான். அருளப்பனின் பேனாவையே பார்த்தாள். அது ஒரு இடத்திலும் தயங்காமல் ஓடியது.

"படியும்" என்றார் சாமியார்.

அருளப்பன் தாளைத் தூக்கிப் பிடித்தார். எப்போதும் பேசுகிற அதே குரலில் படித்தார்.

"சுவாமி அவர்கள் சமூகத்துக்கு. வியாகுலமேரி என்கிற பெண்ணின் கைக்கு ஒரு குறையும் இல்லை. அவள் இஷ்டம்போல் வாசிக்க விட்டால் சுகமாய் வாசிக்கிறாள். அழுத்து, அழுத்து என்று விரட்டி அவள் கையைக் கெடுத்தது எங்கள் சாமியார்தான். வேறு ஆள் அனுப்ப வேண்டாம். நல்ல வைத்தியர் ஒருவரோடு தாங்களே ஒருமுறை வந்துபோக வேண்டியது. மருந்து வேண்டியது அவளுக்கு அல்ல. இதை நேரில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை."

மதலேனாள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். வியாகுலமேரி முக்காலியைப் பிடித்தபடி சாமியாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது இடி விழும். உபதேசியாரின் பிழைப்பும் போகும்.

சாமியார் அருளப்பனின் உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை நின்றதும் கடிதத்தை வாங்கி மடித்தார். மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி ஊற்றி, தம் மோதிரத்தை அழுத்தி, வாசலில் நின்ற பொன்னுராஜிடம் நீட்டினார். அவர் அதைத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு, உத்தமபாளையம் தபாலாபீசை நோக்கி வண்டியை விரட்டினார்.

சாமியார் திரும்பி வந்து அருளப்பனின் தோளில் தட்டினார்.

"நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகாமல் படித்தீர், உபதேசியாரே!"